இரவில் கரையில் நிற்கும் படகு: சுற்றுலாப் படகுகளை விஷமிகளிடமிருந்து காப்பது எப்படி?

'இனந்தெரியாத விஷமிகளால் படகு சேதம்.' வடக்கு, கிழக்குக் கரையோரச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்தத் தலைப்புப் பழகிப்போன ஒன்று. சில நேரம் படகுக்குத் தீ வைக்கப்பட்டிருக்கும். சில நேரம் நங்கூரக் கயிறு அறுக்கப்பட்டிருக்கும். சில நேரம் எஞ்சின் காணாமல் போயிருக்கும். செய்தி நான்கு வரியில் முடிந்துவிடும். படகை இழந்த குடும்பத்தின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளி, மட்டக்களப்பில் பாசிக்குடா போன்ற கரைகளில் மீன்பிடிப் படகுகளுக்குப் பக்கத்தில் சுற்றுலாப் படகுகளும் நிற்கின்றன. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள புறாமலைத் தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. பவளப்பாறை பார்க்க வருபவர்களை ஏற்றி இறக்கும் தொழிலில் பல குடும்பங்கள் உள்ளன. சித்திரை, வைகாசி தொடங்கி புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அந்த ஐந்தாறு மாத உழைப்பில்தான் அவர்களுடைய ஆண்டு ஓடுகிறது.

போர்க்காலத்தில் கடலுக்குப் போக பாஸ், நேரக் கட்டுப்பாடு, எஞ்சினின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு என்று இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி, கரையில் இருந்த படகுகளை அள்ளிக்கொண்டு போனது. இன்று கரையில் நிற்கும் படகுகளில் பல, நிவாரணத்தாலோ கடனாலோ சீட்டுக் காசாலோ மீண்டும் கட்டி எழுப்பப்பட்டவை. ஒருவரின் ஓர் இரவு விளையாட்டில் அது போய்விட்டால், அடுத்த மாதக் கடன் தவணையை யார் கட்டுவது?

முதலில், யார் செய்கிறார்கள்?

எல்லாச் சேதத்துக்கும் ஒரே காரணம் இல்லை. காரணத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் பாதுகாப்பும் சரியாக அமையும்.

ஒன்று திருட்டு. எஞ்சின், எரிபொருள் தாங்கி, பற்றரி, நங்கூரம் ஆகியவைதான் இலக்கு. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. முன்பு யாரும் பொருட்படுத்தாத அரைத் தாங்கி எண்ணெயும் அதன்பின் களவுபோகக்கூடிய பொருளாகிவிட்டது.

இரண்டாவது, குடித்துவிட்டுக் கரையில் கூடுபவர்கள். படகில் ஏறி இருப்பது, போத்தல் உடைப்பது, படகோரம் நெருப்பு மூட்டுவது, கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சிரிப்பது எல்லாம் இவர்கள் வேலை. இவர்களுக்குப் படகுக்காரர் மீது எந்தக் கோபமும் இல்லை. யாருடைய படகு என்றுகூடத் தெரியாது.

மூன்றாவது, தொழிற்போட்டியும் பழைய பகையும். யாருடைய படகு முதலில் ஆட்களை ஏற்றுவது என்ற பகல் சண்டை இரவில் கத்தியோடு வரும். முதல் இரு வகையையும் பூட்டும் வெளிச்சமும் பெருமளவு தடுக்கும். மூன்றாவதை அவை மட்டும் தடுக்காது.

படகு எங்கே நிற்கிறது?

இரவில் படகு மூன்று இடங்களில் ஒன்றில் நிற்கும். மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும், ஆழம் குறைந்த நீரில் நங்கூரமிடப்பட்டிருக்கும், அல்லது இறங்குதுறையில் கட்டப்பட்டிருக்கும்.

மணலில் ஏற்றிய படகு அலைக்குத் தப்பும், ஆனால் மனிதர் கைக்கு எட்டும். அடித்தளத்தில் ஓட்டை போடவும் தீ வைக்கவும் இலகு. ஃபைபர் படகின் பிசின் எரியக்கூடியது. ஒருமுறை பற்றினால் வாளித் தண்ணீரால் அணைப்பது கடினம். எனவே படகைச் சுற்றி காய்ந்த ஓலை, பழைய வலை, எண்ணெய்க் கான் எதுவும் கிடக்கக்கூடாது.

நீரில் நிற்கும் படகைத் தொட ஒருவர் நனைய வேண்டும். அதுவே ஒரு சிறு தடை. ஆனால் கயிறு அறுந்தால் படகு காற்றோடு போய்விடும். இறங்குதுறையில் ஆள் நடமாட்டம் இருப்பதால் பெரிய சேதம் குறைவு, சில்லறைக் களவு கூட.

எங்கே நிறுத்தினாலும் தனியாக நிறுத்தாதீர்கள். பத்துப் படகுகளை ஒரே இடத்தில் வரிசையாக நிறுத்தினால் ஒரு விளக்கும் ஒரு காவலும் போதும். அதே பத்தும் அரைக் கிலோமீற்றருக்குச் சிதறி நின்றால் பத்துப் பேர் காவல் இருந்தாலும் போதாது.

கயிறும் சங்கிலியும்

நங்கூரக் கயிற்றின் நீளம், படகின் முன்முனையிலிருந்து கடலடி வரை உள்ள ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இருப்பது நல்லது. இரண்டு மீற்றர் என்றால் 10 முதல் 14 மீற்றர். நங்கூரத்தோடு சேரும் பகுதியில் சில மீற்றர் சங்கிலி இருந்தால் நங்கூரம் படுத்து நன்றாக மணலைக் கவ்வும், பாறையிலும் கயிறு தேயாது.

அறுப்பவர்கள் கை வைப்பது பெரும்பாலும் படகின் முன்முனையில், கயிறு கட்டியிருக்கும் இடத்தில். அங்கும் ஒரு மீற்றர் அளவுக்குத் துத்தநாகம் பூசிய சங்கிலியைப் போட்டு, படகின் உள்ளிருந்து நட் முடுக்கப்பட்ட வளையத்தில் பூட்டுங்கள். கத்தியோடு வருபவர் அங்கே நின்றுவிடுவார். கூடவே ஓர் இரண்டாவது கயிற்றை, மேலே தெரியாதபடி வேறொரு வளையத்திலிருந்து வேறு நங்கூரத்துக்குக் கட்டி வைத்தால், முதலாவது அறுந்தாலும் படகு போகாது.

கயிற்றின் தரத்தையும் பாருங்கள். நைலோன் கயிறு இழுபட்டுக் கொடுக்கும், நீரில் தாழும். மலிவான பொலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும், வெயிலில் விரைவில் நைந்துபோகும், அடுத்த படகின் விசிறியிலும் மாட்டும். விஷமிகள் அறுத்தார்கள் என்று சொல்லப்படும் கயிறுகளில் சில தானாகவே நைந்து அறுந்தவை. வெட்டுப்பட்ட முனை ஒழுங்காக இருக்கும், நைந்த முனை தும்புதும்பாக இருக்கும். யார்மீதும் பழி போடுவதற்கு முன் முனையைப் பாருங்கள்.

எஞ்சின்

15 குதிரைவலு எஞ்சின் ஒன்று சுமார் 40 கிலோ வரும். இரண்டு பேர் சில நிமிடத்தில் கழற்றித் தூக்கிவிடலாம். அப்படியானால் நீங்களும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இரு சில்லுத் தள்ளுவண்டி ஒன்றைப் பகிர்ந்து வைத்திருந்தால் இது பெரிய வேலை இல்லை. வேறெந்தப் பூட்டையும்விட உறுதியான காவல் இதுதான்.

40 குதிரைவலு எஞ்சினைத் தினமும் கழற்ற முடியாது. அதைப் படகின் பின்பலகையில் ஊடுருவும் போல்ட்டால் இறுக்க வேண்டும். கைத் திருகிகளால் மாட்டும் சிறிய எஞ்சின் என்றால், இரண்டு திருகிப் பிடிகளையும் ஒன்றாக மூடிப் பூட்டும் இரும்புக் குழாய்ப் பூட்டு இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் இரண்டு பிடிகளையும் சேர்த்து ஒரு நல்ல ஆமைப்பூட்டாவது போடுங்கள். எரிபொருள் தாங்கி, இறப்பர்க் குழாய், அவசரமாக எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு, பற்றரி ஆகிய நான்கும் இரவில் படகில் இருக்கவே கூடாது.

எஞ்சினின் தொடரிலக்கத்தை இன்றே தொலைபேசியில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டையும் அப்படியே செய்யுங்கள். களவுபோன எஞ்சின் வேறொரு கரையில் பிடிபட்டாலும், இது என்னுடையது என்று நிரூபிக்க இலக்கம் வேண்டும். மூடியின் உள்பக்கத்தில் பெயரையும் படகு இலக்கத்தையும் கீறி வைப்பதும் உதவும்.

வெளிச்சமும் காவலும்

ஆள் அசைந்தால் எரியும் சூரிய மின்விளக்குகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு விளக்குகள் ஒரு வரிசைப் படகுகளுக்குப் போதும். ஆனால் கடலை நோக்கி இரவு முழுவதும் எரியும் பெரிய விளக்கைப் போடாதீர்கள். இலங்கைக் கரைகளுக்கு ஐந்து இனக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. கரையில் எரியும் விளக்கால் ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் பதிலாக வீதியை நோக்கி ஊர்ந்துபோகும். விளக்கைப் பதிவாக, படகை மட்டும் பார்த்தபடி பூட்டுங்கள்.

அடுத்தது மனிதக் காவல். இது எங்கள் மக்களுக்கு இலகுவான விடயம் அல்ல. பல ஆண்டுகள் இரவுக் கடற்கரை சீருடைக்காரர்களின் இடமாக இருந்தது. இருட்டியபின் அங்கே போனால் கேள்வி, அடி, சில வேளை அதைவிட மோசம். அந்தப் பயம் போர் முடிந்த கையோடு போய்விடவில்லை. ஆட்கள் போகாத கரை விஷமிகளுக்கு வசதியாகிறது.

20 படகுகள் உள்ள கரையில், இரவுக்கு இரண்டு படகுக்காரர் என்று முறை வைத்தால் ஒருவருக்குப் பத்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். காவலுக்கு இருப்பவர்கள் யார் யார் என்று சங்கம் ஒரு பட்டியல் எழுதி, கிராம சேவையாளருக்கும் பொலிஸுக்கும் ஒரு பிரதி கொடுத்து வைப்பது தேவையற்ற விசாரணையைத் தவிர்க்கும். ரோச் லைட்டும் தொலைபேசியும் கையில் இருக்கட்டும், கத்தியும் பொல்லும் வேண்டாம். கணவனை இழந்த பெண்கள் படகு வைத்துக் கூலிக்கு ஓடவிடும் குடும்பங்களும் உள்ளன. அவர்களை இரவில் வரச் சொல்லாமல், தேநீர்ச் செலவு, விளக்குச் செலவு என்று வேறு பங்கைக் கொடுக்கலாம்.

படகைத் தொட்டால் அடிக்கும்படி மின்கம்பி இழுப்பது, ஆணிப் பலகை புதைப்பது போன்ற யோசனைகளை முற்றாக விட்டுவிடுங்கள். அதில் மாட்டுவது விஷமியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பந்து எடுக்க வந்த பிள்ளையாகவும் இருக்கலாம். அப்போது சிறைக்குப் போவது படகுக்காரர்.

காலையில் செய்ய வேண்டியது

சுற்றுலாப் படகுக்கும் மீன்பிடிப் படகுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: காலையில் அதில் ஏறப்போவது நீந்தத் தெரியாத ஆட்களும் பிள்ளைகளும். இரவில் யாரோ செய்த சிறு சேட்டை, நடுக்கடலில் பெரிய விபத்தாகும். ஆகவே ஆட்களை ஏற்றுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் படகின் அடியில் உள்ள நீர்வடி துவாரத்தின் மூடி. மணலில் நிற்கும்போது மழைநீர் வடிய அதைத் திறந்து வைப்பது வழக்கம். பூட்டியதாக நினைத்துக் கடலில் இறக்கிய படகு, ஆட்களோடு நிரம்பத் தொடங்கும். பிறகு அடித்தளத்தைச் சுற்றிக் கையால் தடவி வெடிப்பு, ஓட்டை பாருங்கள்.

தாங்கி இரவில் வெளியே இருந்திருந்தால் கொஞ்ச எண்ணெயை வெள்ளைப் போத்தலில் எடுத்துச் சில நிமிடம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாகத் தெரியும். சீனி போட்டிருந்தாலும் அது பெற்றோலில் கரையாது, அடியில் மணல்போலப் படிந்து வடியை அடைக்கும். விசிறியின் நட்டும் பூட்டூசியும் இருக்கின்றனவா, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக உயிர்காப்பு அங்கிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, பட்டி அறுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடந்துவிட்டால்

எதையும் தொடாமல் முதலில் படமெடுங்கள். பின்னர் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். அவசர இலக்கம் 119. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் இடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். காப்புறுதிக்கும் கடன் கொடுத்த வங்கியிடம் அவகாசம் கேட்பதற்கும் அது தேவைப்படும்.

செய்தவர் ஊரவர் என்று தெரிந்து, சேதமும் சிறியதாக இருந்தால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை ஒரு வழி. சட்டத்தரணிக்குச் செலவில்லை. நட்டஈடு பேசித் தீர்க்கலாம். ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குவதைவிட அடுத்த பருவத்துக்கு முன் கயிறும் கண்ணாடியும் வாங்க அந்தப் பணம் உதவும்.

ஆதாரம் இல்லாமல் முகப்புத்தகத்தில் பெயர் எழுதுவதைத் தவிருங்கள். தமிழர், முஸ்லிம்கள், பருவத்துக்கு வந்து தங்கும் சிங்கள மீனவர்கள் என்று பலரும் தொழில் செய்யும் கரை இது. ஒரு கயிறு அறுந்த கதை மதியத்துக்குள் இனச் சண்டையாக மாறக்கூடும். எரிக்கப்படுவது அதன்பின் ஒரு படகாக இருக்காது.

பகலில் ஆட்களை ஏற்றும் முறையை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதி, வரிசையை மீறாமல் நடத்தும் கரைகளில் மூன்றாவது வகை விஷமத்துக்கு இடம் குறைவு. உங்கள் கரையில் அப்படி ஒரு பலகை இல்லை என்றால், பூட்டு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் சங்கக் கூட்டத்தில் அதைக் கேளுங்கள். ஐப்பசியில் காற்று மாறுவதற்குள் எஞ்சினைக் கழற்றி நன்னீரால் கழுவி, படகை ஊருக்குள் ஒரு வளவில் கவிழ்த்து வைக்கும் வரைக்கும் இந்த ஏற்பாடுகள் தொடரட்டும்.