களனி கங்கையின் மண்: அன்றும் இன்றும்

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, மட்டக்குளியில் களனி கங்கை கடலோடு கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டும் நாட்களில் முகத்துவாரத்துக் கடல் செம்மண் நிறமாகிவிடும். அந்தக் கலங்கலின் ஊரைத் தேடினால் 145 கிலோமீட்டர் ஓடிவரும் ஆற்றின் தலைக்கே போகவேண்டும். சிவனொளிபாதமலைச் சாரல், மஸ்கெலியா, டிக்கோயா.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்தச் சாரல்களில் அடர்காடு இருந்தது. காட்டுக்குள் மழைத்துளி இலையிலும் சருகிலும் பட்டு வேகம் குறைந்துதான் மண்ணுக்கு வரும். ஓடைக்கரையை வேர்கள் இறுகப் பிடித்திருக்கும். குறுக்கே சாய்ந்து கிடக்கும் பழைய மரங்களே சிற்றணைகளாகி மணலை அங்கங்கே நிறுத்திவைக்கும். அடைமழை ஓய்ந்ததும் ஓடை சீக்கிரமே தெளிந்துவிடும்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளை அரசின் சொத்தாக்கியது. அரசு அவற்றைக் கோப்பித் துரைமாருக்கு விற்றது. 1860, 70களில் கோடரி டிக்கோயாவுக்கும் மஸ்கெலியாவுக்கும் ஏறியது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதிவரை வெட்டிக்கொண்டே போவார்கள்; உச்சியில் நிற்கும் பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்த்ததும், அவை விழுந்த வேகத்தில் கீழேயுள்ள மரங்கள் வரிசையாகச் சரியும். பிறகு தீ. தமிழகத்திலிருந்து நடந்துவந்த நம் முன்னோரும் அந்த வேலையில் இருந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. மலை காட்டை இழந்ததில் அவர்களுக்குக் கிடைத்தது லயக் காம்பிரா மட்டுமே.

காடு போன முதல் சில மழைக்காலங்களில்தான் ஓடைக்கு மண் மிக அதிகமாக வரும். வெட்டிய இடத்தைவிட, அங்கே போக வெட்டிய பாதைகள் பல வேளை கூடுதல் மண்ணைத் தள்ளும். நின்ற கட்டைகளின் வேர்கள் உக்கிப்போகச் சில ஆண்டுகள் எடுக்கும். அதன்பின் சரிவு இடியத் தொடங்கும். ஓடையில் இறங்கிய வண்டலும் உடனே கடலுக்குப் போய்விடாது. கரையிலும் வளைவிலும் தங்கி, வெள்ளத்துக்கு வெள்ளம் கொஞ்சமாக நகரும். தாத்தா காலத்தில் வெட்டிய காட்டின் மண் பேரன் காலத்திலும் ஆற்றில் வந்துகொண்டிருக்கும்.

அந்தக் காயம் ஆற இடமும் கிடைக்கவில்லை. 1869இல் வந்த இலைநோயால் கோப்பி மெல்ல மெல்ல அழிந்தது. அதே சரிவில் தேயிலை ஏறியது. புல்லே இல்லாத நிலம்தான் நல்ல தோட்டம் என்று துரைமார் நினைத்ததால், தொழிலாளர் சுரண்டியால் களையெடுத்தார்கள்; களையோடு மேல்மண்ணும் பெயர்ந்து கானில் இறங்கியது. லண்டன் கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கும்படி சொல்லியிருந்தார். மண்பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1951இல்.

இன்றைய களனியின் நிலை வேறு. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும் மவுஸ்ஸாக்கலை 1969இலும் எழுந்தபின், மேலிருந்து வரும் மணல் அவற்றுக்குள் படிகிறது. கீழே மிஞ்சியதையும் கொழும்பின் கட்டடங்களுக்காக அள்ளினோம். வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் மாடிவீடுகளின் சுவரிலும் ஆற்றுமணல் இருக்கிறது. கீழ்க்களனியின் அடி கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. வறட்சிக் காலத்தில் கடல்நீர் அம்பத்தலே வரை ஏறத் தொடங்கியது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அந்த இடத்தைக் காப்பாற்ற ஆற்றின் குறுக்கே தடுப்பு போட வேண்டியதாயிற்று. கடற்கரைக்கு மணல் குறைந்ததால் ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ பக்கம் அலை கரையைத் தின்கிறது.

மணல் குறைந்தது, கலங்கல் குறையவில்லை. வெள்ள நேரத்து ஆற்றுநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வையுங்கள். மணல் சில விநாடிகளில் அடியில் படியும். நுண்ணிய களிமண் நாட்கணக்கில் மிதக்கும். அணையில் நில்லாமல் தப்பிவருவது பெரும்பாலும் இந்தக் களிமண்தான். இதைப் படியவைக்கத்தான் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் சேர்க்கிறார்கள். ஆக, மலை இன்னும் மண்ணை இழக்கிறது; அதில் ஆற்றுக்கும் கரைக்கும் தேவையான பகுதி மட்டும் வந்து சேர்வதில்லை.

கொழும்பின் தண்ணீரை அம்பத்தலேயில் மட்டும் காப்பாற்ற முடியாது. தேயிலை விளைச்சல் விழுந்த செங்குத்துச் சரிவுகளையும் ஓடைக்கரைகளையும் நாட்டு மரங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கே சவுக்கும் யூக்கலிப்டசும் நட்டுவிட்டு மறுபடி மொத்தமாக வெட்டினால் பழைய கதைதான். தோட்டக் கம்பனிகளிடமும் அரசிடமும் இதைக் கேட்கும் பொறுப்பு மலையக மக்களின் தலையில் மட்டும் விழக்கூடாது. கொழும்பில் குழாயைத் திறக்கும் நாமும் சேர்ந்து கேட்போம்.