சக்கர நாற்காலி கொடுத்தாயிற்று, வாசற்படியை யார் மாற்றுவது?

வடக்கில் அடிக்கடி காணும் காட்சி இது. ஒரு மண்டபம், பின்னால் பதாகை, வரிசையாகச் சில சக்கர நாற்காலிகள். விருந்தினர்கள் உரையாற்றுவார்கள், பயனாளியுடன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நிகழ்வு முடிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை அதே பயனாளி ஒரு அலுவலுக்காகப் பிரதேச செயலகத்துக்கோ வங்கிக்கோ போகவேண்டியிருக்கும். வாசலில் நான்கு படிகள் இருந்தால் அந்த நாற்காலி அங்கேயே நின்றுவிடும். யாராவது இரண்டு பேர் தூக்கவேண்டும். இல்லையென்றால், பத்திரங்களை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெயிலில் காத்திருக்கவேண்டும்.

போர் எங்களிடம் விட்டுச்சென்றவற்றில் இதுவும் ஒன்று. ஷெல் வீச்சிலும் கண்ணிவெடியிலும் கால்களை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காதவர்கள், பார்வையை இழந்தவர்கள் எங்கள் ஊர்கள் எங்கும் இருக்கிறார்கள். 2009இல் இருபதுகளில் இருந்தவர்கள் இன்று நடுத்தர வயதுக்கு வந்துவிட்டார்கள். இதுவரை அவர்களைத் தூக்கி இறக்கிய தாய் தந்தையருக்கு வயதாகிவிட்டது. இனி யார் தூக்குவது என்ற கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. தூக்கத் தேவையில்லாத நகரம் ஒன்றே அதற்கு நிலையான பதில்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது சலுகை கேட்கும் விடயம் அல்ல. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேற்றப்பட்டது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் வெளியான ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களுக்குள் வலுவிழந்தோர் சென்றுவர வசதி செய்யப்பட வேண்டும் என்கின்றன. ஏற்கனவே இருந்த கட்டடங்களை மாற்ற முதலில் மூன்று ஆண்டுகள் தரப்பட்டன. 2011 ஏப்ரலில், புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வலுவிழந்தோர் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோவொரு சிரமத்துடன் வாழ்கிறார்கள். ஆக சட்டமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. அப்படியென்றால் படிகள் ஏன் அப்படியே இருக்கின்றன?

ஒரு நிறுவனத்தால் ஏன் முடியாது?

யாழ்ப்பாணத்தில் உதவி நிறுவனங்கள் இல்லாமலில்லை. ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து செயற்கைக் கால்களைச் செய்து கொடுக்கிறது. சுன்னாகத்தில் வாழ்வகம் பார்வையிழந்த பிள்ளைகளைப் பராமரித்துப் படிக்கவைக்கிறது. கைதடியில் நுபீல்ட் பாடசாலை இருக்கிறது. ஆனால் செயற்கைக் கால் செய்பவரின் கையில் வீதி இல்லை. வெள்ளைப் பிரம்பு கொடுப்பவரின் கையில் நடைபாதை இல்லை. உள்ளூர் வீதியும் சந்தையும் கட்டட அனுமதியும் மாநகர சபையிடம் இருக்கின்றன. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், பஸ்கள் போக்குவரத்துச் சபையிடமும் தனியாரிடமும். எந்த இடத்தில் தடக்கும் என்ற அறிவோ, அந்த நாற்காலியில் இருப்பவரிடம் மட்டுமே இருக்கிறது.

அந்த அறிவு இல்லாமல் கட்டினால் என்ன நடக்கும்? சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். இரண்டு அடி உயர வாசலுக்கு 24 அடி வேண்டும். இடம் போதவில்லை என்று ஆறு அடியில் முடித்தால் நாற்காலி பின்னோக்கிச் சரியும். அதேபோல, சாய்தளம் மட்டும் பார்வையிழந்தவருக்கு உதவாது. அவருக்குத் தடையாக இருப்பது நடைபாதையில் நிற்கும் மோட்டார் சைக்கிளும் மூடியில்லாத வடிகாலும். காது கேளாதவருக்குச் சிக்கல் கருமபீடத்தில், சைகைமொழி தெரிந்தவர் இல்லாதபோது. ஒருவரின் தடை மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே மேசையில் இருக்கவேண்டியதன் காரணம் இதுதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் வேலை சேர்ந்து நடப்பது. வலுவிழந்தோர் அமைப்புகள், சனசமூக நிலையம், மாதர் சங்கம், வர்த்தகர்கள், வட்டார உறுப்பினர் எல்லோருமாக பஸ் நிலையத்திலிருந்து வைத்தியசாலை வரையோ, சந்தையிலிருந்து நூலகம் வரையோ ஒருநாள் சென்று பார்க்கலாம். தடைகளை மூன்றாகப் பிரித்து எழுதலாம்: உடனே செய்யக்கூடியவை, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கவேண்டியவை, வேறு திணைக்களத்திடம் கேட்கவேண்டியவை. வடிகால் மூடியைப் போடுவதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

இரண்டாவது, தகவல் கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தக் கட்டடம் விதிகளுக்கு அமைய இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரசைகளாக இருந்தால், அமைப்பின் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, சபையைப் பிடிப்பது. 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இருக்கவில்லை. இப்போது கேள்வி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். பட்டியலை அவர்களிடம் கொடுக்கும் நேரம், வரவு செலவுத் திட்டம் தயாராகும் ஆண்டின் பிற்பகுதி. நகரை அண்டிய நல்லூர் போன்ற பிரதேச சபைகள், சபை உறுப்பினர் அல்லாத ஊர்மக்களையும் சேர்த்து ஆலோசனைக் குழுக்களை அமைக்கச் சட்டத்திலேயே இடமுண்டு.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இத்தகைய கூட்டுகள் பெரும்பாலும் வலுவிழந்தவர்களுக்காக மற்றவர்கள் பேசும் கூட்டங்களாகிவிடுகின்றன. வாகனம் ஒழுங்குசெய்யப்படாததால் அவர்கள் வருவதில்லை. வந்தாலும், கூட்டம் மேல்மாடியில் நடக்கிறது.

எனவே முதற் கூட்டத்தைத் தரைத்தளத்தில் வையுங்கள். வாசலில் படி இருக்கிறதா என்று முதல்நாளே போய்ப் பாருங்கள். இருந்தால், உங்கள் பட்டியலின் முதல் வரி அதுதான்.