சிவாஜி பார்க்கின் திண்ணை

தாதர்க்காரர் யாரிடமாவது "எங்கே சந்திக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "கட்டாவுக்கு வந்துடுங்க" என்பார். சிவாஜி பார்க்கைச் சுற்றியுள்ள குட்டைச் சுவருக்கு மராத்தியில் கட்டா என்று பெயர். நம்ம ஊர்த் திண்ணைதான்; ஆனால் ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லாத திண்ணை.

பார்க் என்றதும் பூச்செடிகளைத் தேடிப் போனால் ஏமாந்து போவீர்கள். 28 ஏக்கர் மண் மைதானம், அவ்வளவுதான். காற்றடித்தால் சுற்றியுள்ள வீடுகளில் புழுதி படிகிறது என்பது அங்கே குடியிருப்பவர்களின் நெடுநாள் புகார். 1925-இல் மாநகராட்சி இதை அமைத்தபோது மாஹிம் பார்க் என்றே பெயர். சிவாஜியின் 300-ஆவது பிறந்த ஆண்டு எனக் கொண்டாடப்பட்ட 1927-இல், மாநகராட்சி உறுப்பினர் அவந்திகாபாய் கோகலேயின் முயற்சியால் பெயர் மாறியது.

காலையில் நடப்பவர்கள் சுவரை ஒட்டிச் சுற்றுகிறார்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உள்ளே ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள்; ஒரு ஆட்டத்தின் பந்து இன்னொரு ஆட்டத்துக்குள் உருளும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை! ரமாகாந்த் அச்ரேகர் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, டெண்டுல்கரை அவுட்டாக்கினால் பந்து வீசியவருக்கு, ஆகாமல் நின்றால் டெண்டுல்கருக்கு என்று பழக்கியது இந்த மண்ணில்தான்.

இவ்வளவு பெரிய கூட்டங்கள் ஏன் இங்கேயே கூடுகின்றன? மேற்கு ரயிலும் மத்திய ரயிலும் சந்திக்கும் தாதர் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. எந்தப் புறநகரிலிருந்தும் வரலாம், கூட்டம் முடிந்ததும் கலைந்து போகலாம். ஒலிபெருக்கித் தொல்லையால் 2010-இல் உயர் நீதிமன்றம் இதை அமைதி மண்டலமாக்கியது. பிறகு குறிப்பிட்ட சில நாட்களுக்கு விலக்கு கிடைத்தது.

டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளில் பார்க்க வேண்டும். அருகிலுள்ள சைத்யபூமியை வணங்க மாநிலமெங்கிருந்தும் வருபவர்கள் இங்கே கூடாரங்களில் தங்குகிறார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் புத்தகக் கடைகளில் நின்று விலை கேட்பதைப் பார்த்திருக்கிறேன். திருவிழாவில் வளையல் வாங்குவதுபோல் அங்கே புத்தகம் வாங்குகிறார்கள்.

நமக்கு இந்த மைதானத்தோடு வேறொரு கணக்கும் உண்டு. 1966 அக்டோபர் 30 அன்று சிவசேனையின் முதல் பேரணி நடந்தது இங்கேதான். அலுவலக வேலைகளைத் தென்னிந்தியர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அன்றைய முழக்கம். மாட்டுங்கா வீடுகளில் பெரியவர்கள், "அந்தப் பக்கம் போகாதே, போனாலும் தமிழில் பேசாதே" என்று சொல்லிவைத்த காலம் அது. அதை மறந்துவிட்டு இந்தப் பார்க்கைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. வெறும் பகையாக மட்டும் நினைவு வைக்கவும் முடியவில்லை. நம்ம பிள்ளைகள் பந்து பொறுக்கி வளர்ந்ததும் அங்கேதானே.

போன மாதம் மாலையில் கட்டாவில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் ஊமைபோல் இந்தத் தெருவைக் கடந்ததாக என்னிடம் சொன்ன பெரியவர் ஒருவர், வலைக்குள் பயிற்சி செய்யும் பேரனைப் பார்த்து முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார்: "டேய், முன்னங்காலை நீட்டி ஆடுடா!" பக்கத்திலிருந்த மராத்தித் தாத்தா என்னவென்று விசாரித்தார். இவர் மராத்தியில் விளக்கினார். உடனே அவரும் தன் பேரனுக்கு அதையே கத்த ஆரம்பித்தார்.