காப்டன் நெமோவின் இறுதி எச்சரிக்கை

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் கொடியவன் மாள்வது வழக்கம். மாளுமுன் அவன் திருந்துவதும் சில கதைகளில் உண்டு. எனினும் அத்திருத்தம் பெரும்பாலும் ஓர் உருக்கமான சொல்லோடு நின்றுவிடும். பிரஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் (1828–1905) படைத்த காப்டன் நெமோவின் முடிவு இவற்றினின்றும் வேறுபட்டது. மரணப் படுக்கையில் அவன் பிறருக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் ஒரு விஞ்ஞான எச்சரிக்கையாகும்.

பழிவாங்கிய அறிவு

1869–70-ல் தொடராக வெளிவந்த 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்னும் நாவலில் நெமோ முதன்முதலாகத் தோன்றுகிறான். லத்தீன் மொழியில் 'நெமோ' என்பதற்கு 'எவனுமல்லன்' என்று பொருள். அவனுடைய நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் 70 மீட்டர் நீளமுள்ளது. கடல்நீரின் உப்பிலிருந்து பிரித்தெடுத்த சோடியத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கி, அதனால் இயங்குவது. 1954-ல் நீரில் இறக்கப்பட்ட உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலும் இதே பெயரைத் தாங்கியது.

இத்தனை அறிவையும் நெமோ பழிவாங்கப் பயன்படுத்துகிறான். போர்க்கப்பல் ஒன்றை நாட்டிலஸின் கூர்முனையால் பிளந்து, அதன் மாலுமிகள் மூழ்குவதை நின்று பார்க்கிறான். பின்னர் தன் அறையில், ஒரு பெண்மணியும் இரு குழந்தைகளும் உள்ள படத்தின் முன் மண்டியிட்டு விம்முகிறான். அதே மனிதன், இலங்கையை அடுத்த முத்துக்குளிக்கும் கடலில், ஓர் ஏழை முத்துக்குளிப்பவனைச் சுறாவினின்றும் காக்கத் தன் உயிரையே பணயம் வைக்கிறான். அவன் கையில் ஒரு பை முத்துக்களையும் கொடுத்து அனுப்புகிறான்.

புந்தேல்கண்ட் இளவரசன்

இந்த இரட்டை இயல்பின் காரணம் 1874–75-ல் வெளிவந்த 'மர்மத் தீவு' என்ற நாவலில்தான் வெளிப்படுகிறது. நெமோவின் இயற்பெயர் தக்கார். புந்தேல்கண்ட் அரசரின் மைந்தன். பத்தாம் வயதில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டுப் பல கலைகளையும் பயின்று, 1849-ல் தாயகம் திரும்பினான். 1857-ஆம் ஆண்டுப் புரட்சியில் போரிட்டான். மனைவி மக்களை இழந்தான். எஞ்சிய தோழர் இருபதின்மருடன் பசிபிக் கடலின் பாழ்ந்தீவொன்றை அடைந்து நாட்டிலஸைக் கட்டினான். நெமோவை ரஷ்ய ஆட்சியை எதிர்த்த போலந்து நாட்டவனாகப் படைக்கவே வெர்ன் முதலில் எண்ணியிருந்தார். பதிப்பாளர் ஹெட்ஸெல் அதற்கு இணங்கவில்லை.

மறைந்திருந்து காத்தவன்

1865-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ரிச்மண்ட் நகரச் சிறையிருப்பினின்றும் பலூனில் தப்பிய ஐவர் பசிபிக் தீவொன்றில் விழுகின்றனர். அவர்களுள் சைரஸ் ஸ்மித் என்ற எஞ்சினீயர் தலைமை வகிக்கிறார். முதுமையடைந்து, தோழரையெல்லாம் இழந்து, அத்தீவின் அடியிலுள்ள குகையில் தனித்து வாழும் நெமோ அவர்களை அறிவான். அவர்கள் அவனை அறியார். கடலில் விழுந்த ஸ்மித்தைக் கரைசேர்த்தவன் அவனே. கருவிகள் நிறைந்த பெட்டியைக் கரையில் கிடக்கச் செய்தவனும், கடுங்காய்ச்சலால் சாகக் கிடந்த சிறுவனுக்குக் கொயினா மருந்தைக் கொண்டுவந்து வைத்தவனும் அவனே. முன்பு உயிர்களைக் கவர்ந்த அதே அறிவு இங்கே உயிர்களைக் காக்கிறது.

1868 அக்டோபரில், இறுதி நெருங்கியபோது, நெமோ அவர்களை அழைத்துத் தன் வரலாற்றைக் கூறித் தீர்ப்புக் கேட்கிறான். கடந்துபோன காலத்தை மீட்க முயன்றதே அவன் பிழை என்கிறார் ஸ்மித். இந்திய வாசகர் இத்தீர்ப்பை ஏற்கவேண்டுவதில்லை. நாவல் நிறைவுற்ற 72-ஆம் ஆண்டில், 1947-ல், நெமோவின் தாயகம் விடுதலை பெற்றது. ஆயினும் மூழ்கிய மாலுமிகளின் கணக்கு அதனால் தீர்ந்துவிடாது. அக்கணக்கை எதிர்நோக்கியே நெமோவின் கடைசிச் செயல் நிகழ்கிறது.

எரிமலையின் சுவர்

வைரங்கள் நிறைந்த பேழையை எல்லோருக்கும் அளித்த நெமோ, ஸ்மித்திடம் மட்டும் தனியே ஓர் உண்மையைக் கூறுகிறான். குகையின் உட்சுவரே கடலையும் எரிமலையின் உட்குழலையும் பிரித்து நிற்கிறது. அச்சுவர் விரிசலுறத் தொடங்கிவிட்டது. அது உடைந்தால் கடல்நீர் உட்புகுந்து நொடியில் நீராவியாகித் தீவையே தகர்த்துவிடும்.

இதிலுள்ள பௌதிகம் மெய்யானதே. சாதாரண அழுத்தத்தில் நீர் 100 டிகிரி வெப்பத்தில் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடைகிறது. 1963-ல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஸர்ட்ஸி என்ற தீவு கடலினின்றும் எழுந்தபோது, எரிகுழம்பும் கடல்நீரும் கலந்து தொடர்ந்து வெடித்தன. எனினும் பெரும் வெடிப்புகளுக்கு எரிகுழம்பில் கரைந்துள்ள வாயுக்களே முக்கிய காரணம் என்று இன்றைய ஆராய்ச்சி கூறுகிறது. கடல்நீர் புகுந்தமையாலேயே ஒரு தீவு முழுதும் சிதறியது என்பதில் கற்பனையின் மிகை உண்டு.

எச்சரிக்கையைக் கேட்ட ஸ்மித் செய்தவை கவனத்திற்குரியவை. மூன்று மாதங்களுக்குப்பின் எரிமலை குமுறியபோது, அவர் படகில் குகைக்குச் சென்று, நெமோ கூறிய விரிசலைத் தாமே கண்டு உறுதி செய்தார். பின்னர் உண்மையை மறைக்காமல் தோழர்களுக்கு அறிவித்து, கட்டிக்கொண்டிருந்த கப்பலின் வேலையை விரைவுபடுத்தினார். அபாயத்தின் காரணம், கண்ணுக்குத் தெரியும் அறிகுறி, நேரில் சென்று சோதித்தல், உரியவர்க்கு அறிவித்தல் என்னும் நான்கும் இதில் அடங்கியுள்ளன. வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவை பற்றிக் கிராமங்களில் எடுத்துரைக்கும் களப்பணியாளர்க்கும் இந்நான்கும் வேண்டும். ஆசிரியர்கள் இப்பகுதியை வகுப்பில் கூறி, ஸ்மித்தின் செயல்களை மாணவர்களையே வரிசைப்படுத்தச் செய்யலாம்.

கப்பல் முற்றுப்பெறுமுன்பே, 1869 மார்ச்சில், தீவு வெடித்துச் சிதறியது. உயிர் தப்பியவர்கள் ஒரு சிறு பாறையின்மேல் உணவின்றி மயங்கிக் கிடந்தபோது 'டங்கன்' என்ற கப்பல் வந்து மீட்டது. அண்மையிலுள்ள தாபோர் தீவில் கிடைத்த ஒரு குறிப்பே அக்கப்பலுக்கு வழி காட்டியது. தீவின் இருப்பிடத்தைத் தெளிவாகக் குறித்து, அதனை அங்கு முன்னரே வைத்திருந்தவன் காப்டன் நெமோ.