பேர் தொலைத்த ரோஜா

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம் மக்களே! தீசிஸ் எழுதறேன்னு கைடுகிட்ட சொல்லிட்டு நான் நிஜமா செஞ்சது, ஒரு ரோஜாச்செடிக்குப் பேர் தேடற வேலை. (கைடுக்குத் தமிழ் தெரியாது, பயமில்லை.)

பெர்த்துல நான் வாடகைக்கு இருக்கற வீட்டுப் பின்கட்டுல, ஆள் உயரத்தையும் தாண்டி ஒரு ரோஜாப் புதர். வெளிறின ரோஸ் நிறம், நடுவுல லேசா மஞ்சள். நம்ம பன்னீர் ரோஜா வாசனை இல்லை; புதுசா பிரிச்ச டீத்தூள் பாக்கெட் மாதிரி ஒண்ணு. இந்த ஊர்க் குளிர்காலத்துலகூட நாலு பூவாவது இருக்கும்.

ஹவுஸ் ஓனர் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயசு. வீட்டை வித்தாச்சு. இடிச்சுட்டு அந்த மனையில ரெண்டு வீடு கட்டப் போறாங்க. பாட்டி மகளோட போய் இருக்கப் போறாங்க. ஒருநாள் புதர்கிட்ட நின்னுக்கிட்டு, "இது எங்க மாமியார் வச்சது. பேர் மட்டும் தெரிஞ்சா கடையில ஒண்ணு வாங்கி மக வீட்டுல வச்சுக்குவேன்"னாங்க. பேர்தானே, கூகுள்ல தேடினா வந்துடப் போகுதுன்னு வாக்கு கொடுத்துட்டேன். அங்கதான் மாட்டினேன்.

முதல்ல தெரிஞ்சது, இது 'டீ ரோஸ்' வகை. சீனாவுல இருந்து 1809-ல 'ஹ்யூம்ஸ் ப்ளஷ்', 1824-ல 'பார்க்ஸ் யெல்லோ'ன்னு ரெண்டு செடி இங்கிலாந்துக்குப் போச்சு. அந்த வழியில பிரான்சுலயும் மத்த நாடுகள்லயும் நூத்துக்கணக்குல புது ரகங்களை உண்டாக்கினாங்க. 1867-ல 'லா ஃபிரான்ஸ்' வந்ததுக்கப்புறம் ஹைப்ரிட் டீ ரோஜாக்கள் கொஞ்சம் கொஞ்சமா கடையைப் பிடிச்சுக்கிச்சு. பழைய டீ ரோஜாவுக்கு உறைபனி ஆகாது. அதனால அது தங்கினது ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா, பெர்முடா மாதிரி சூடான ஊர்கள்ல. கல்லறை, பழைய வீடு, பாழடைஞ்ச பண்ணைன்னு செடி நின்னுடுச்சு, பேர்ச்சீட்டு நிக்கல.

பழைய கேட்டலாக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமேன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். 'ரோஸ் நிறம், அடுக்குப் பூ, நல்ல வாசனை', அவ்வளவுதான் எழுதியிருக்கும். அதுக்கு அம்பது ரகம் பொருந்தும்! நிறத்தையும் நம்ப முடியாது. ஒரே செடி வெயில்ல ஒரு நிறம், குளிர்ல இன்னொரு நிறம் காட்டும். நர்சரிக்காரங்க பேர் மாத்தி வித்த கதையும் உண்டு. 'மொஸ்யூ டிலியே' (1891), 'ஆர்ச்டியூக் ஜோசப்' (1892) ரெண்டு பேரும் பல வருஷமா குழம்பிக் கிடக்கு. ஒரு நாட்டுல இந்தப் பேர்ல வித்த செடியை இன்னொரு நாட்டுல அந்தப் பேர்ல வித்திருக்காங்க.

அப்போ எதை நம்பறது? இந்த மேற்கு ஆஸ்திரேலியாவுலயே ஆறு பெண்கள் வருஷக்கணக்கா டீ ரோஜாக்களை வளர்த்து, பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டு, பழைய நூல்களையும் புரட்டி, 2008-ல 'டீ ரோசஸ்: ஓல்ட் ரோசஸ் ஃபார் வார்ம் கார்டன்ஸ்'னு ஒரு புத்தகமே போட்டாங்க. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பார்க்கவே தெரிஞ்சது. பூவை விட்டுட்டுக் காம்பைப் பாரு: வழவழன்னு இருக்கா, ரோமம் மாதிரி சுரப்பி இருக்கா? பூ தலை தொங்குதா, நிமிருதா? கொழுந்து என்ன நிறம்? பூவுக்கடியில இருக்கற குமிழ் என்ன வடிவம்? எல்லாத்தையும் ஒரு நாள் இல்லை, நாலு பருவமும் பார்க்கணும்.

எனக்கு நாலு பருவம் ஏது? புல்டோசர் ஜூன்ல வருது.

'மேடம் லம்பார்ட்' (1878)னு ஒரு ராத்திரி முடிவே பண்ணிட்டேன். காலையில போய்ப் பார்த்தா காம்பு ஒத்துவரல. 'மிஸஸ் பி.ஆர். கேன்ட்' (1901)? பூ ஒத்து வருது, கொழுந்து ஒத்து வரல. லேப் நண்பன் டிஎன்ஏ பார்க்கலாம்னான். ரெண்டு செடி ஒண்ணுதானான்னு அது சொல்லும். ஆனா ஒப்பிட்டுப் பார்க்க, பேர் உறுதியான ஒரு செடி வேணுமே! அடையாள அட்டையே தப்பா இருந்தா கைரேகை எடுத்து என்ன பிரயோஜனம்?

அவசரப்பட்டுப் பேர் வைக்கறதும் தப்பு. டெக்சாஸ்ல 'கேட்டி ரோடு பிங்க்'னு ஒரு ரோஜாவைச் சாலையோரத்துல கண்டெடுத்துக் கொண்டாடினாங்க. கடைசியில அது அயோவா பேராசிரியர் கிரிஃபித் பக் உருவாக்கி 1977-ல வந்த 'கேர்ஃப்ரீ ப்யூட்டி'ன்னு தெரிஞ்சது. அதனால கண்டெடுத்த செடிக்குத் தற்காலிகமா இடத்து பேரோ, வச்சவங்க பேரோ வச்சு, மேற்கோள் குறிக்குள்ள எழுதறது வழக்கம். பெர்முடாவுல 'ஸ்மித்ஸ் பாரிஷ்' அப்படி வந்ததுதான். தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கற பேர்.

பாட்டிகிட்ட தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போய், "பேர் கிடைக்கல"ன்னேன். தப்பான பேரைச் சொல்லியிருந்தா, காசு கொடுத்து வேற யாரோ வச்ச ரோஜாவை வாங்கிட்டுப் போயிருப்பாங்க. அது மட்டும் உறுதி.

பேர் இல்லைன்னா கடையில கிடைக்காது. ஆனா செடி இங்கதானே இருக்கு! ஏப்ரல் கடைசியில பென்சில் கனத்துல இருபது குச்சி வெட்டி, மணல் கலந்த மண்ணுல நட்டு, மேல பிளாஸ்டிக் பை கவுத்து வச்சோம். பதிமூணு கருகிப் போச்சு. ஏழு வேர் விட்டிருக்கு.

நாலு பாட்டிக்கு. ரெண்டு, பழைய ரோஜா சேகரிக்கற ஒருத்தர் தோட்டத்துக்கு. நாலு பருவம் அவர் பார்த்துப்பார். ஒண்ணு என் ஜன்னல்ல. தொட்டியில ஒட்டற சீட்டுல பாட்டி தன் மாமியார் பேரை எழுதினாங்க, ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு. "உயிரோட இருந்தப்ப அவங்களுக்கும் எனக்கும் ஒத்தே வராது"ன்னு சிரிச்சாங்க.

பி.கு: ஊர்ல உங்க வீட்டுப் பின்னாலயும் ஆத்தாவோ அப்பத்தாவோ வச்ச செடி ஒண்ணு நிக்கும். யார் வச்சது, எங்கிருந்து வந்ததுன்னு இப்பவே கேட்டு எழுதி வச்சுடுங்க. ஒரு குச்சியும் ஒடிச்சு நட்டு வைங்க. அப்புறம் கேக்க ஆள் இருக்காது.