காக்கிச் சட்டை அக்கா

எங்கள் தெருவில் ஒரு அக்கா போலீஸில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். விடியுமுன்பே அவர் வீட்டு அடுப்பு எரியும். எப்படித்தான் சமாளிக்கிறாரோ என்று நான் வியந்ததுண்டு.

தமிழகக் காவல் துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-இல். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-இல் லத்திகா சரண் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார். கதவு திறந்தது சரி. குடும்பத்தோடு உள்ளே நிலைத்து நிற்க வழி வேண்டாமா?

அது மெல்லத்தான் வந்தது. அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 2021-இல் 12 மாதமானது. பெண் போலீசாருக்குக் காலை 7 மணி ரோல் கால் இனி 8 மணிக்கு என்று 2023-இல் அறிவித்தார்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புவோருக்கு, பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் வசிக்கும் மாவட்டத்திலேயே 3 ஆண்டு பணி என்பது 2024-இல் வந்த அறிவிப்பு.

"அந்த ஒரு மணி நேரத்துலதான் தம்பி, புள்ளைக்குத் தலை பின்னி விடுறேன்" என்றார் அக்கா. பந்தோபஸ்து, நைட் டூட்டி என்றால் மாமியார்தான் துணை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அடுத்து என் தங்கை. போலீஸ் ஆகணும் என்கிறாள், அப்பா தயங்குகிறார். சட்டம் ஒரு மணி நேரம் தரும். மீதியை வீட்டு ஆண்கள்தானே தரணும்? நாம் தருவோமா, நண்பர்களே?