பெரிய டயருக்காக மட்கார்டை வெட்டலாமா? வெட்டும் முன் இதைப் படிங்க!

ஜீப் மாதிரி வண்டி வாங்கியவுடனே பலருக்கும் வருகிற முதல் ஆசை, பெரிய டயர். பார்க்க கெத்தா இருக்கும், மேடு பள்ளத்தில் அடி தட்டாது என்று சொல்வாங்க. டயரை மாட்டிய பிறகுதான் பிரச்சினை தெரியும். ஸ்டீயரிங்கை முழுசா திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும். "ரெண்டு இன்ச் வெட்டிவிட்டா போதும் சார்" என்று பட்டறையில் கிரைண்டரை எடுப்பாங்க. அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க.

எவ்வளவு பெரிசாகுது?

டயரின் பக்கவாட்டில் 245/75 ஆர்16 என்று போட்டிருந்தால், 245 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 16 என்பது ரிம்மின் அளவு, இன்ச்சில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 77 செ.மீ. இதற்குப் பதில் 33 இன்ச் டயர் போட்டால் உயரம் சுமார் 84 செ.மீ. ஆனால் வண்டியின் அடிப்பகுதி உயர்வது இதில் பாதிதான், அதாவது 3 செ.மீ.க்குச் சற்று மேல். அந்த 3 செ.மீ.க்காகத்தான் தகட்டை வெட்டுகிறோம்.

வெட்டினால் என்ன ஆகும்?

முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, இரண்டு தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் செய்த விளிம்பு ஒன்று இருக்கும். டயர் பெரும்பாலும் உரசுவது அங்கேதான். அந்த இணைப்பு பாடியின் பலத்தைத் தாங்குகிற பகுதி. அதை வெட்டினாலோ, சுத்தியலால் மடக்கினாலோ பலம் குறையும். கம்பெனியில் பூசிய துருத் தடுப்புப் பூச்சும் போய்விடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டு, வெட்டிய விளிம்பில் சீக்கிரமே துரு ஏறும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் வயர் எல்லாம் சக்கரத்தின் பக்கத்திலேயே போகும். வெட்டும்போது அவற்றில் ஒன்றில் பட்டாலும் ஆபத்துதான்.

டயரின் எடை கூடினால் பிரேக்குக்கும் வேலை கூடும், வண்டி நிற்க அதிக தூரம் ஆகும். ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். சரியாகக் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் 80 என்று காட்டும்போது, உண்மையில் நீங்கள் 86க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கிற அந்த மாதிரி இடத்தில்தான் டயர் உரசும். எதிரே வருகிற குடும்பத்தையும் நினைச்சுப் பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேஸ் கிட் பொருத்துவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைப்பது போன்றவற்றுக்கு உரிய விதிகளின்படி அனுமதி உண்டு. அழகுக்காகத் தகட்டை வெட்டுவது அந்த வகையில் வராது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, பிரிவு 182ஏ(4)-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பொறுப்பு வண்டியின் உரிமையாளருக்கு. "பட்டறைக்காரர்தான் சொன்னார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் வண்டியை மாற்றியிருந்தால், விபத்துக்குப் பிறகு உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் மறுக்கப்படவும் வாய்ப்பு இருக்கிறது.

பழைய வண்டி வாங்குறீங்களா?

• கம்பெனி மட்கார்டின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து வழுவழுப்பாக இருக்கும். கூர்மையாக இருந்தாலோ, ரப்பர் பீடிங் வைத்து மறைத்திருந்தாலோ காரணம் கேளுங்க.
• இடது, வலது பக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்க.
• ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா திருப்பச் சொல்லி, உரசிய தடம் இருக்கா என்று டார்ச் அடித்துப் பாருங்க.
• எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு விவரமும் வண்டியும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்க.

ஏற்கெனவே வெட்டியாச்சா?

முதலில் கம்பெனி சொன்ன அளவு டயருக்கே திரும்புங்க. வெட்டிய பாகத்தை ஒட்டுப் போட்டு மறைக்காமல், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காட்டி அசல் பாகம் பொருத்துங்க. அனுமதி உள்ள மாற்றம் எதுவாக இருந்தாலும், வேலை தொடங்கும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்க. விண்ணப்பிக்க பரிவாஹன் இணையதளம் இருக்கிறது.

உங்கள் வண்டிக்கு எந்த அளவு டயர் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரிலோ, வண்டியோடு கொடுத்த கையேட்டிலோ இருக்கும். இன்றைக்கே அதை போனில் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது, கடைக்காரரிடம் முதலில் அதைக் காட்டுங்க.